நாலு கோடு நிற்கிறது, படம் போகவில்லை

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, மதியம் 2.35. சூளூர்பேட்டையைத் தாண்டி ஏரிப் பக்கமாக நின்றிருந்தோம். கிழக்கே மரவரிசைக்கு மேல் ஒரு தீப்பொட்டு எழும்பியது. அதன் கீழே வெள்ளையாகப் புகைத்தூண் வளர்ந்தது. சத்தமே இல்லை. ராக்கெட் நன்றாக மேலே போன பிறகுதான், ஒரு நிமிடம் கழித்து, உருளும் இடிபோல ஒன்று நெஞ்சில் வந்து மோதியது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் நடக்கும். அதன் கால் அவ்வளவுதான்.

சந்திரயான்-3 கண்ணுக்கு மறைந்ததும் கூட்டம் முழுக்க ஒரே வேலையில் இறங்கியது. எடுத்த படத்தை வீட்டுக்கு அனுப்பும் வேலை. பக்கத்தில் டீக்கடைக்காரர் தன் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “டவர் உந்தி சார், நாலு கோடு காட்டுது. போவட்லேது” என்றார், பாதித் தெலுங்கு பாதித் தமிழில். “கையை இறக்குங்கண்ணா, உயரத்துல ஒண்ணும் இல்ல” என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் ஒன்றும் போகவில்லை. சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் கண்ணுக்கு எட்டாமல் பறந்துகொண்டிருந்த ராக்கெட், தன் வெப்பம், அழுத்தம், வேகம் எல்லாவற்றையும் நொடி தவறாமல் தரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருப்பது பேசுகிறது. அரைப் பர்லாங்கில் கோபுரம் இருந்தும் கைபேசி ஊமையாக இருக்கிறது. இந்த முரண்பாட்டுக்குள்தான் கம்பியில்லாத் தொடர்பின் மொத்தக் கதையும் இருக்கிறது. சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த வழியில் எவ்வளவு செய்தி போகும் என்பது வேறு கேள்வி. கைபேசியின் நாலு கோடு முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. நாம் அதை இரண்டுக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறோம்.

தேய்மானத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒரு கரண்டி மாவு இருக்கிறது. அதைச் சாண் அகலத்துக்குத் தோசையாக வார்க்கலாம், இரண்டு சாண் அகலத்துக்கும் இழுக்கலாம். அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, ஆகவே கனம் நாலில் ஒன்று. மாவு எங்கும் தொலையவில்லை, மெலிந்துவிட்டது. ரேடியோ அலையும் அப்படியே. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் ஆற்றல் பெரிதாகிக்கொண்டே போகும் ஒரு கோளத்தின் மேல் பரவுகிறது. பத்து மடங்கு தூரம் போனால் நூறில் ஒரு பங்கு கனம். பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹரால்ட் ஃப்ரீஸ் 1946-இல் இதை ஒரே வரிச் சமன்பாடாக எழுதினார். இன்றும் ராக்கெட்டுக்கும் கைபேசிக்கும் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சமன்பாட்டைப் படித்துவிட்டு, அதிர்வெண் கூடக் கூட வெற்றுவெளி சிக்னலை அதிகமாக விழுங்கும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வெற்றுவெளிக்கு அப்படி ஒரு பசி கிடையாது. அலைநீளம் குறையும்போது, அதற்கேற்பச் செய்த எளிய ஆன்டெனாவும் சிறுத்துப்போகிறது. வாய் சிறுத்தால் விழும் மழையில் குறைவாகத்தானே பிடிக்க முடியும்? குறை மழையில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது.

தோசைக் கணக்கு வெற்றுவெளிக்குத்தான் சரி. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கார்த்திகை மாதத்தில் போனால் இருபுறமும் தண்ணீர், பூநாரைகள். சித்திரையில் பல இடங்களில் வெடித்த சேறு. தண்ணீர் நிற்கும் காலத்தில் அந்த ஏரி ரேடியோ அலைக்கு ஒரு கண்ணாடி. தாழ்வான ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை இரண்டு வழியாக வந்து சேர்கிறது. ஒன்று நேராக வரும். இன்னொன்று நீரில் பட்டுத் தெறித்து வரும். மிகச் சாய்வாகப் படும்போது தெறித்த அலை தலைகீழாகத் திரும்பிவிடும், இரண்டும் சந்திக்கும்போது ஒன்றை ஒன்று தின்றுவிடும். இங்கே தூரம் பத்து மடங்கானால் இழப்பு நூறு மடங்கு அல்ல, பத்தாயிரம் மடங்கு வரை போகும். படகில் உட்கார்ந்து கைபேசியைக் காதில் வைக்கும் மீனவருக்கு நடப்பது இதுதான். அவர் எழுந்து நின்றால் கொஞ்சம் தேவலை. டீக்கடைக்காரரின் கை சும்மா உயரவில்லை, அவர் நின்ற இடம்தான் தவறு.

தண்ணீர் எப்போதும் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. நம் அப்பா அம்மா தலைமுறை இலங்கை வானொலியை உள்ளூர் நிலையம்போலக் கேட்டு வளர்ந்தது. அது மத்திய அலை. நூற்றுக்கணக்கான மீட்டர் அலைநீளம் கொண்ட அலை, உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடலின் முதுகோடு ஒட்டிக்கொண்டு அதிகம் தேயாமல் வந்து சேரும். அதே தூரம் வறண்ட தரையில் என்றால் வழியிலேயே களைத்திருக்கும்.

மழை வேறு மாதிரி. ஐப்பசி அடைமழையில் மொட்டைமாடி டிடிஎச் தட்டு கைவிரிப்பது எல்லா வீட்டிலும் நடப்பது, அதுவும் சரியாகக் கடைசி ஓவரில். அந்த அலைவரிசை சுமார் 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர். இரண்டும் அளவில் நெருங்க நெருங்க துளி அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் தொடங்கும். அதைவிடத் தாழ்ந்த 2.3 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 13 சென்டிமீட்டர். அதற்கு அந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை. இந்த இழப்பும் எல்லோருக்கும் இழப்பு அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள டாப்ளர் வானிலை ரேடார், துளிகள் சிதறித் திருப்பி அனுப்பும் துளியூண்டு எதிரொலியை வைத்துத்தான் புயலைப் பார்க்கிறது. 

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சுவர் பூமியின் வளைவு. 200 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒன்று சுமார் 1,600 கிலோமீட்டர் போனதும் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதன்பிறகு எவ்வளவு பெரிய ஆன்டெனா வைத்தாலும் பயனில்லை. செவ்வாய்க்குப் போன மங்கள்யானை ஏவியபோது பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசிக் கட்டம் எரிந்தது தென் பசிபிக் பெருங்கடலின் மேல். அங்கே நம் தரை நிலையம் எதுவும் இல்லை. ஆகவே நாலந்தா, யமுனா என்று இரண்டு கப்பல்களில் ஆன்டெனாவை ஏற்றி நடுக்கடலில் நிறுத்தினார்கள். 2013 அக்டோபர் 28-இல் போகவேண்டிய ராக்கெட் நவம்பர் 5-க்குத் தள்ளிப்போனதற்குக் காரணம் ராக்கெட் அல்ல. மோசமான கடலால் நாலந்தா தன் இடத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானதுதான்.

மங்கள்யான் கிளம்பியது இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது அது சுமார் 22 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கிருந்து ஒரு சொல் வர சுமார் பன்னிரண்டரை நிமிடம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலத்தின் அனுப்பி 230 வாட், அதாவது மூன்று பழைய மின்விசிறி அளவு. அதன் பெரிய ஆன்டெனா 2.2 மீட்டர் அகலம். அது ஆற்றலை எல்லாத் திசையிலும் இறைக்காமல் ஒரு பக்கம் குவிப்பதால் சுமார் 1,500 மடங்கு லாபம். ஆனால் வழியில் இழப்பு 266 டெசிபெல். சாதாரண எண்ணில் சொன்னால் 4 எழுதிப் பின்னால் 26 சைபர் போட வேண்டும், அத்தனையில் ஒரு பங்குதான் மிச்சம். பெங்களூருக்குப் பக்கத்தில் பயலாலுவில் 32 மீட்டர் அகலத் தட்டு இருக்கிறது. இவ்வளவு பெரிய வாயைத் திறந்து பிடித்தாலும் கிடைப்பது சுமார் 0.0000000000000003 வாட்.

இந்த எண் மனதில் பதியாது. இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். நூறு கிராம் எடையுள்ள ஒரு மாங்காயைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கத் தேவையான ஆற்றலை, பயலாலு தட்டு மங்கள்யானிடமிருந்து சேர்த்துவைக்க வேண்டுமென்றால் பத்துக் கோடி ஆண்டு ஆகும்.

ஏரிக்கரையில் என் கைபேசிக்கு வந்த சிக்னல் அதைவிடப் பத்தாயிரம் மடங்காவது வலுவானது. இருந்தும் போகவில்லை. ஏன்?

வலிமை தனியாக ஒரு பொருளே இல்லை. எதனோடு ஒப்பிட்டு வலிமை என்பதுதான் கேள்வி. சூடு உள்ள எந்தப் பொருளிலும் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சல் ஆன்டெனாவிலும் பெருக்கியிலும் ஓயாத சலசலப்பாகக் கேட்கும். 1928-இல் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். இருவரும் பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். இருபது ஆண்டு கழித்து 1948-இல் அதே கூடத்தில் கிளாட் ஷானன் கேட்ட கேள்வி: இரைச்சலுக்கு நடுவே பிழையில்லாமல் நொடிக்கு எத்தனை பிட் அனுப்ப முடியும்? (ஃப்ரீஸும் அங்கேதான் இருந்தார். ஒரு தொலைபேசிக் கம்பெனி நம் கதைக்கு முழுச் சமையலும் செய்து வைத்திருக்கிறது.) ஷானன் சொன்ன விடையில் இரண்டே பொருள்கள். ஒன்று அலைக்கற்றையின் அகலம். இன்னொன்று, சிக்னல் இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. விகிதம் மாறாதவரை, அகலத்தை இரட்டித்தால் கொள்ளளவும் இரட்டிக்கும். வலிமை மடக்கை வழியாகத்தான் உள்ளே வருகிறது. விகிதத்தை ஆயிரத்திலிருந்து பத்து லட்சத்துக்கு உயர்த்தினால், அதாவது மின்சாரத்தை ஆயிரம் மடங்கு கொட்டினால், கிடைப்பது வெறும் இரண்டு மடங்கு. 2022-இல் நடந்த 5ஜி ஏலத்தில் கம்பெனிகள் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை வாங்கியது இதனால்தான். மின்சாரம் மலிவு, அகலம்தான் தட்டுப்பாடு.

ஷானனின் விடையில் இன்னொரு வியப்பும் உண்டு. சிக்னல் இரைச்சலைவிடச் சிறியதாக இருந்தாலும் கொள்ளளவு பூஜ்யமாகிவிடுவதில்லை, மெதுவாகப் பேச வேண்டும், அவ்வளவே. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பெரியப்பாவிடம் சேதி சொல்வதுபோல, நிறுத்தி நிதானமாக, ஒன்றை இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, ஒன்று அழிந்தாலும் மற்றது காப்பாற்றும் என்று, அதுதான் பிழைதிருத்தும் குறியாக்கத்தின் வேர். மங்கள்யானுக்கு நான் போட்ட கணக்கில், வாங்கும் அமைப்பின் இரைச்சல் வெப்பநிலையை நூறு கெல்வின் என்று வைத்துக்கொண்டால், ஷானன் அனுமதிக்கும் உச்சம் நொடிக்குச் சுமார் மூன்று லட்சம் பிட். கலம் பயன்படுத்திய வேகங்கள் 5 ஆயிரத்தில் தொடங்கி அதிகபட்சம் 40 ஆயிரம் பிட். கஞ்சத்தனம்போலத் தோன்றும். ஆனால் செவ்வாய் 40 கோடி கிலோமீட்டர் வரை விலகிப் போகும். ஆன்டெனா இம்மி விலகும், குறியாக்கம் முழுமையாக இராது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். செலவாளிப் பொறியாளர் விண்கலம் செய்யக் கூடாது.

இப்போது ஏரிக்கரைக்கு வருவோம். 4ஜி கோபுரத்தின் ஒரு பக்கத்துக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று கொள்வோம். சிக்னல் இரைச்சலைப்போல் நூறு மடங்கு என்றால், ஷானன் தருவது நொடிக்குச் சுமார் 13 கோடி பிட். தாராளம். அதை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கேட்டால் ஆளுக்கு 1.3 லட்சம் பிட். மூன்று மெகாபைட் படம் போக மூன்று நிமிடம். ஆனால் அந்த நூறு மடங்கு நிலைக்காது. கூட்டத்தில் எனக்கு இரைச்சல் என்பது எலக்ட்ரானின் அலைச்சல் அல்ல, பக்கத்துக் கோபுரங்களும் அவற்றோடு பேசும் ஆட்களும்தான். பந்தியில் எல்லோரும் சத்தமாகப் பேச ஆரம்பித்தால் நாமும் குரலை உயர்த்துவோம், உடனே எதிர் வரிசை இன்னும் உயர்த்தும். கைபேசிகளும் அதையே செய்கின்றன. விகிதம் நூறிலிருந்து மூன்றுக்கு இறங்கினால் மொத்தம் 4 கோடி பிட், ஆளுக்கு 40 ஆயிரம்.

நாற்பதாயிரம். மங்கள்யானின் உச்ச வேகமும் அதேதான். அதன் வண்ணக் கேமராவின் படம் 2048-க்கு 2048 புள்ளிகள். புள்ளிக்கு எட்டு பிட் வைத்தால் சுருக்காமல் அனுப்ப 14 நிமிடம். என் ராக்கெட் படத்துக்கு 10 நிமிடம். எண்பது கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்கு அனுப்ப நான் பட்ட பாடும், செவ்வாயிலிருந்து ஒரு படம் வரும் பாடும் ஏறக்குறைய ஒன்று. அங்கே தூரம் தின்றது, இங்கே கூட்டம் தின்றது. நாலு கோடு மட்டும் கம்பீரமாக நின்றது, ஏனென்றால் கோபுரம் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

கோபுரத்தின் சக்தியைக் கூட்டினால் தீராதா என்று கேட்பார்கள். தீராது, பந்தியில் பரிமாறுகிறவரும் கத்த ஆரம்பிப்பார், அவ்வளவுதான். பேச்சைத் திசை பிரித்து, அவரவர் காதில் மட்டும் விழச் செய்வதே வழி. இதை நம் வீட்டு மாடியிலேயே செய்திருக்கிறோம். தூர்தர்ஷன் காலத்தில் மூங்கில் கழியில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா. மாடியில் ஒருவன் அதைத் திருப்புவான், கீழே தங்கச்சி கத்துவாள். “வந்துச்சாடி?” “இல்லண்ணா, கோடு கோடா வருது.” “இப்ப?” “ஆங், அப்படியே வை, கைய எடுக்காத!” அந்த மீன்முள்ளுக்குப் பெயர் யாகி-உடா, 1926-இல் ஜப்பானில் பிறந்தது. ஒரு பக்கம் மட்டும் காது கொடுக்கும்.

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில், பாகாலா அருகே காதங்கி என்ற ஊர். மலைகள் சூழ்ந்த அந்தக் கிண்ணத்துக்குள் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் வயலில் 1,024 யாகி ஆன்டெனாக்கள் நடவு நட்டதுபோல வரிசையாக நிற்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் அமைத்த ரேடார் அது. அதிர்வெண் 53 மெகாஹெர்ட்ஸ், அமைத்தபோது உச்ச சக்தி 25 லட்சம் வாட். அது தேடுவது விமானத்தையோ மழையையோ அல்ல, தெளிந்த வானத்தில் காற்றின் சுழிப்பை. கானல்நீரில் காட்சி நெளியுமே, அந்த அளவு அற்பமான வேறுபாட்டில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, தலைக்கு மேல் எந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று சொல்கிறது. இருபது கிலோமீட்டர் உயரத்தின் சேதி அதற்குச் சாதாரணம். மாடிப் பையன்போல ஆன்டெனாவை யாரும் திருப்புவதில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஆன்டெனாக்களுக்கும் அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே கொடுத்தால் கற்றை தானாகச் சாய்ந்துவிடும்.

5ஜி கோபுரத்தின் மேல் தட்டையாக ஒரு பெட்டி தெரியும். உள்ளே ஆன்டெனாக்களுக்கு அலை கொடுக்கும் 64 தடங்கள் வரை இருக்கும். காதங்கி வயலைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி. அது டீக்கடைக்காரருக்கு ஒரு கற்றை, எனக்கு ஒரு கற்றை என்று பிரித்து, ஒரே அலைக்கற்றையை ஒரே நொடியில் பல பேருக்குக் கொடுக்கும். ஷானனின் வரம்பு உடையவில்லை, ஒரு வழி பல வழியாகிவிட்டது. தோளோடு தோள் இடித்து நிற்கும் கூட்டத்தில் இதுவும் திணறும், இரண்டு பேரைத் திசையால் பிரிக்க அவர்களுக்கு நடுவே கொஞ்சமாவது இடைவெளி வேண்டும்.

அடுத்த ஏவுதலுக்கு நீங்கள் சூளூர்பேட்டை போவதாக இருந்தால் ஒரு யோசனை. படத்தை ரயிலேறித் தடா, ஆரம்பாக்கம் தாண்டிய பிறகு அனுப்பிக்கொள்ளலாம். அங்கேயே நின்று வீட்டுக்குச் சேதி சொல்லியாக வேண்டுமென்றால் எஸ்எம்எஸ் போடுங்கள். படமும் வீடியோவும் முட்டி மோதும் வரிசையில் அது நிற்பதில்லை, கட்டுப்பாட்டுச் சேதிகள் போகும் தனிவழியில் போய்விடும். மொத்தம் 140 பைட்தான். தமிழில் எழுதினால் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியே எண்ணி 70 குறிகள். ‘அம்மா, ராக்கெட் போயிடுச்சு, பாத்துட்டேன்’ என்பதற்குப் போதும்.